டியூனர் கார்டைக் காயலான் கடைக்குப் போடலாமா?

9 பிப்ரவரி 2025, வாசகர் கேள்வி

பழைய சிபியு ஒன்றை எடைக்குப் போடப் போகிறேன். உள்ளே டிவி டியூனர் கார்டு இருக்கிறது, கேபிள் ஒயரைச் சொருகிக் கம்ப்யூட்டரிலேயே டிவி பார்க்க அப்பா வாங்கிப் போட்டது. இப்போது கம்ப்யூட்டரில் டிவி பார்க்க பிரவுசர் போதும், எல்லாமே யூடியூபிலும் ஓடிடியிலும் கிடைக்கிறது. இந்தக் கார்டால் இனி ஏதாவது பயன் உண்டா? ஊர் தூத்துக்குடி.

9 பிப்ரவரி, இரவு

போடாதீர்கள் தம்பி. கார்டுகூட அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த சிபியுவில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள். டியூனர் கார்டு இருந்த வீட்டில் யாராவது எதையாவது பதிந்து வைத்திருப்பார்கள். என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கடைக்கு அனுப்ப வேண்டாம். நானும் தூத்துக்குடிதான். விரிவாக நாளை எழுதுகிறேன்.

10 பிப்ரவரி

"எல்லாமே கிடைக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். சேனல்காரர்கள் ஏற்ற நினைத்தது கிடைக்கிறது, அவ்வளவுதான். நம்மூர் கேபிள்காரர்கள் நடத்திய உள்ளூர் சேனல் எங்கே கிடைக்கும்? பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, பள்ளி ஆண்டு விழா, அம்மன் கோயில் கொடை, மாதா கோயில் திருவிழா, பட்டிமன்றம், எல்லாம் அதில்தான் ஓடியது. கன்ட்ரோல் ரூமில் ஒரு டிவிடி பிளேயரும் அந்தப் படத்தைக் கேபிள் சேனலாக மாற்றும் ஒரு மாடுலேட்டரும் இருந்தால் சேனல் தயார். ஒளிபரப்பு முடிந்ததும் அதே டேப்பின் மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். டேப் விலை அப்படி, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிகழ்ச்சிகளின் பிரதி இன்றைக்கு எங்கேயாவது இருக்கிறது என்றால், வீட்டில் விசிஆரோ டியூனர் கார்டோ வைத்துக்கொண்டு பதிந்தவர்களிடம்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பதில் ஒன்றைச் சொல்கிறேன். 2013 ஆகஸ்ட் 5, பனிமய மாதா தங்கத்தேர். தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடுவதில்லை, 2013க்கு அப்புறம் 2023இல்தான் ஓடியது. அன்றைக்கு உள்ளூர் சேனலில் நேரடி ஒளிபரப்பு. ஒரு கேமரா கோயில் முகப்பைப் பார்த்து, இன்னொன்று ஏதோ ஒரு வீட்டு மாடியிலிருந்து. வடத்தைப் பிடித்திருக்கும் கைகள், தேர் திரும்பும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள், அதெல்லாம் தெரியும். படத்துக்குக் கீழே ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும்: ஜவுளிக்கடை விளம்பரம், அதன் பின்னாலேயே மஞ்சள் சட்டை போட்ட சிறுவன் ஒருவன் கோயில் அலுவலகத்தில் இருக்கிறான், பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும் என்ற அறிவிப்பு. கொஞ்ச நேரத்தில் அந்த அறிவிப்பு காணாமல் போய் ஜவுளிக்கடை மட்டும் ஓடும். பெற்றோர் வந்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கெல்லாம் புரிந்தது. வர்ணனை செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார். இப்போது அவர் இல்லை. அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகி நான் கேட்டதில்லை.

அதே நாளின் செல்போன் துண்டுகள் யூடியூபில் நிறைய உண்டு. ஒன்று இரண்டு நிமிஷம், பாதி நேரம் முன்னால் நிற்பவரின் தலை. தொடர்ச்சியாக, வர்ணனையோடு, ஊர் மொத்தமும் உட்கார்ந்து பார்த்த அந்த ஒளிபரப்பைத் தேடிப் பாருங்கள். நான் தேடிவிட்டேன், இல்லை.

12 பிப்ரவரி

நீங்கள் சொல்வது டியூனர் கார்டா, டிவி பாக்ஸா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம், அதனால் இதை மட்டும் தெளிவாக வைத்துவிடலாம்.

பாக்ஸ் என்பது சிபியுவுக்கும் மானிட்டருக்கும் நடுவில் உட்காரும். கேபிள் ஒயரை அதில் சொருகினால் சிபியுவை ஆன் செய்யாமலே மானிட்டரில் டிவி ஓடும். ஹாஸ்டல்களில், தனியாக டிவி வாங்க வசதிப்படாத வீடுகளில், பழைய சிஆர்டி மானிட்டரை டிவியாக்கியது அதுதான். நல்ல சாமான். ஆனால் அதில் எதையும் பதிய முடியாது, படம் கம்ப்யூட்டருக்குள் போவதே இல்லை.

கார்டு என்பது மதர்போர்டில் பிசிஐ ஸ்லாட்டில் நிற்பது. மேலே தகரப் பெட்டி மாதிரி ஒன்று பளபளவென்று இருக்கும், அதுதான் டியூனர். பக்கத்தில் ஒரு கறுப்புச் சில்லு, பெரும்பாலும் பிடி878 அல்லது பிலிப்ஸின் எஸ்ஏஏ7134. அலையை எண்ணாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புவது அந்தச் சில்லு. பின்பக்கம் ஆன்டெனா ஜாக், மஞ்சள் ஏவி ஜாக், எஸ் வீடியோ. அப்புறம் ஒரு குட்டி ஒயர், இருபுறமும் 3.5 மிமீ பின், கார்டின் சத்தத்தை சவுண்ட் கார்டின் லைன் இன்னுக்குக் கொண்டுபோவதற்கு. அந்த ஒயர் தொலைந்துபோய் ஊமைப் படம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தம்பி, உங்கள் கார்டோடு அந்த ஒயர் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

13 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது: கார்டில் படம் வந்து சத்தம் மட்டும் உஸ்ஸென்று இரைந்தால் கார்டு கெட்டுவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். நம் நாட்டில் அனலாக் டிவிக்குப் பால் பிஜி (PAL B/G) என்ற ஒளிபரப்பு முறை, படத்துக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளிச் சத்தம் இருக்கும். மென்பொருளில் பால் ஐ என்று பிரிட்டன் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது 6 மெகாஹெர்ட்ஸில் தேடும், அங்கே இரைச்சல்தான் இருக்கும். சேனல் பட்டியலில் மேற்கு ஐரோப்பா என்று போட்டால் கேபிளுக்கென்றே இருக்கும் எஸ் பேண்டு சேனல்களும் சரியாக வந்து விழும். உள்ளூர் சேனலை நம்மூரில் அந்த எஸ் பேண்டில்தான் எங்காவது ஓர் ஓரத்தில் வைத்திருந்தார்கள்.

இப்போது இந்தக் குறிப்பு யாருக்கு உதவும் என்றால், வீட்டு விசிஆரில் ஆர்எஃப் வெளியீடு, அதாவது ஆன்டெனா ஒயர் வழியாகப் படம் தரும் ஜாக், மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு. கேபிளில் அனலாக் முடிந்துவிட்டது. சென்னையில் 2003 செப்டம்பரில் காஸ், அதாவது பணம் கட்டிய வீட்டுக்கு மட்டும் சேனலைத் திறந்துவிடும் முறை, வந்தபோதே கட்டணச் சேனல்கள் செட்டாப் பாக்ஸுக்குள் போய்விட்டன. பெருநகரங்களில் கேபிள் முழுவதும் டிஜிட்டலாக மாறுவதற்கான கெடு 2012இல் வந்தது. நம் பக்கம் அரசு கேபிளில் மாதம் 70 ரூபாய்க்கு அனலாக்காகவே வெகுகாலம் வந்துகொண்டிருந்து, 2017க்கு அப்புறம்தான் செட்டாப் பாக்ஸ் வீடு வீடாக வந்தது. டியூனர் கார்டுக்குக் கடைசிவரை சோறு போட்டது தமிழ்நாட்டு கேபிள்தான் என்று நான் நினைப்பதுண்டு.

செட்டாப் பாக்ஸ் வந்தபின் கார்டின் டியூனருக்கு வேலை போயிற்று, மஞ்சள் ஜாக்குக்கு வேலை வந்தது. பாக்ஸின் ஏவி வெளியீட்டை அதில் கொடுத்துப் பதியலாம். சேனலை மட்டும் பாக்ஸின் ரிமோட்டில்தான் மாற்ற வேண்டும்.

16 பிப்ரவரி

ஒருவர் தன்னிடம் இருக்கும் யுஎஸ்பி டிவி குச்சியில் தூர்தர்ஷனின் இலவச ஃப்ரீ டிஷ் வரும் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். வராது. ஆர்டிஎல்2832யு சில்லு போட்ட அந்தக் குச்சிகள் டிவிபி டி, அதாவது தரைவழி டிஜிட்டலுக்கு. ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, டிவிபி எஸ். குச்சிக்கும் மாடியில் வைக்கும் குடை ஆன்டெனாவுக்கும் சம்பந்தமே இல்லை. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் தொடங்கியது உண்மை, ஆனால் அது டிவிபி டி2. பழைய குச்சி அதையும் பிடிக்காது. இதைச் சொல்லாமல் கடைக்காரர்கள் விற்றதுதான் எனக்கு வருத்தம்.

குச்சியை அதற்காக வீசிவிட வேண்டாம். 2012இல் சிலர் அந்தச் சில்லை ஆராய்ந்து, அதைப் பொதுவான ரேடியோ வாங்கியாக மாற்றலாம் என்று கண்டுபிடித்தார்கள். எஃப்எம் கேட்கலாம், 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் அனுப்பும் இருப்பிடத் தகவலைப் படிக்கலாம். துறைமுக ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: கப்பல்கள் 162 மெகாஹெர்ட்ஸ் அருகில் தம் பெயரையும் வேகத்தையும் திசையையும் ஒலிபரப்பிக்கொண்டே வரும். மொட்டைமாடியில் ஓர் ஆன்டெனா வைத்தால் வெளித்துறையில் நிற்கும் கப்பல்கள் கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொன்றாக முளைப்பதைப் பார்க்கலாம். என் மகன் டிவியைவிட இதைத்தான் அதிக நேரம் பார்த்தான்.

17 பிப்ரவரி

டிவிக்கு வருவோம்.

22 பிப்ரவரி

இலங்கையின் ரூபவாஹினி டிவி பற்றி யாரும் கேட்கவில்லையே என்று நானே எழுதுகிறேன். சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்துவிட்டது, தென்கோடிக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும் நம் கடற்கரை ஊர்களில் ஜிஐ பைப்பை உயர்த்தி, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, கிரிக்கெட்டும் தமிழ்ச் செய்தியும் பார்த்தார்கள். அவர்களுடைய கோபுரம் பிதுருதலாகலை உச்சியில், 2524 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் பெரும்பாலும் கடல். வேறென்ன வேண்டும்?

கார்டு வாங்கிய புதிதில் எங்கள் வீட்டு மாடியில் துருப்பிடித்து நின்ற அதே ஆன்டெனாவை அதில் சொருகினேன். கார்டோடு வந்த மென்பொருள் சிக்னல் கொஞ்சம் குறைந்தாலே திரையை நீலமாக்கிவிடும். பழைய டிவியில் புள்ளி புள்ளியாக வரும் அந்த இரைச்சல் தெரிந்தால்தான் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியும். லினக்ஸில் எக்ஸ்ஏடிவி என்ற டிவி மென்பொருளைப் போட்டபின்தான் இரைச்சல் கண்ணுக்குத் தெரிந்தது. மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்ப, கீழே நான் கத்த, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு முகம் வந்தது. சிங்களச் செய்தி. எங்கள் அப்பா வந்து நின்று பார்த்துவிட்டு, எண்பதுகளில் இதைவிடத் தெளிவாக வந்தது என்றார்.

சில நாள் கண்ணாடி மாதிரி வரும், சில நாள் ஒன்றுமே இருக்காது. காற்று அசையாத நாட்களில் கடலை ஒட்டி ஈரமான குளிர்ந்த காற்றும் அதன் மேல் காய்ந்த சூடான காற்றும் படிந்து நின்றால், அலை மேலே தப்பிப் போகாமல் அந்தப் படலத்துக்குள்ளேயே வளைந்து கடலோடு ஓடி வந்துவிடும். மன்னார் வளைகுடாவில் இது நன்றாக நடக்கும். மீனவர்கள் சிலர் கடல் தட்டையாகக் கிடக்கும் நாளில் டிவி நன்றாக வரும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மாதிரி மாலையில் பதிந்த துண்டுகள் என்னிடம் இருக்கின்றன: விளம்பரங்கள், வானிலை, பாதியில் தொடங்கும் ஒரு நாடகம். உள்ளடக்கம் சாதாரணம்தான். அலை கடல் தாண்டி என் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்தது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்.

9 மார்ச், இரவு

சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் இப்போதுதான் முடிந்தது. 252 ஓட்டம் தேவை, 49ஆவது ஓவரில் ஜடேஜா பவுண்டரி அடித்து முடித்தார். நான் கம்ப்யூட்டரில் ஓடிடியில் பார்த்தேன். பக்கத்து வீட்டில் குடை. அவர்கள் வீட்டில் கூச்சல் கேட்டபோது என் திரையில் பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வரவே தொடங்கவில்லை.

இதற்குக் காரணம் நெட் வேகம் குறைவு என்று நினைக்கிறார்கள், அதில்லை. இணையத்தில் நேரலையைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறார்கள், ஒரு துண்டு ஆறு விநாடி என்பது வழக்கமான அளவு. பிளேயர் இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் காட்டத் தொடங்கும். அதிலேயே பன்னிரண்டிலிருந்து பதினெட்டு விநாடி போய்விடும். அதற்கு முன்னால் வீடியோவைப் பல தரங்களில் மாற்றி, பல ஊர் சர்வர்களுக்கு அனுப்புகிற நேரம் வேறு. ஆயிரம் ரூபாய் பிளான் போட்டாலும் அது குறையாது. குடையிலும் தாமதம் உண்டு, கொஞ்சம்தான். அனலாக் கேபிளில் கன்ட்ரோல் ரூமுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் தாமதம் என்று ஒன்றே கிடையாது. 2011 ஏப்ரல் 2 அன்று தோனி சிக்ஸர் அடித்தபோது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் கிளம்பியது. தெருவோடு சேர்ந்து கத்த முடிவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

11 மார்ச்

கிரிக்கெட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தால் பந்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது, கீழே ஓடும் எழுத்தும் அப்படியே, கார்டு மோசம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கார்டில் குறையில்லை. பால் முறையில் விநாடிக்கு 25 முழுப் படம் என்பது கணக்குக்குத்தான், உண்மையில் 50 பாதிப் படங்கள் வரும், ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். சிஆர்டி டிவி அதை அப்படியே மாற்றி மாற்றி வரைந்தது. கம்ப்யூட்டர் இரண்டு பாதியையும் ஒட்டி ஒரு படமாகக் காட்டும்போது, நடுவில் பந்து நகர்ந்துவிட்டதால் பல் தெரிகிறது. விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் ஆன் செய்து யாடிஃப் 2எக்ஸ் வையுங்கள், 50 படமாக வழுவழுவென்று ஓடும்.

ஒரு வேண்டுகோள். மூலப் பதிவை அந்தக் கோடுகளோடு அப்படியே வைத்திருங்கள். பார்க்கும்போது மட்டும் சரி செய்துகொள்ளுங்கள். கோட்டை நீக்கி, சுருக்கி, எம்பி4 ஆக்கி, மூலத்தை அழித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாதித் தகவல் போய்விட்டது, திரும்ப வராது.

15 மார்ச்

அந்தக் காலத்தில் டியூனர் கார்டு ஓடும்போது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் படம் இருக்கும் இடத்தில் வெறும் ஊதாக் கட்டம்தான் வரும். நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். ஓவர்லே என்று பெயர், கார்டு படத்தை விண்டோஸிடம் கொடுக்காமல் நேரே கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்துக்கு அனுப்பும், விண்டோஸ் தன் பங்குக்கு அந்த இடத்தில் ஊதாவை நிரப்பி வைத்திருக்கும். அன்றைய கம்ப்யூட்டரின் வேகம் அவ்வளவுதான், அதற்காகச் செய்த ஏற்பாடு. கேப்சர் பட்டனை அமுக்கினால் படம் கைக்கு வந்துவிடும்.

இன்றைக்கு ஓடிடியில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் பல இடங்களில் கறுப்பு வருகிறது. கம்ப்யூட்டரின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாம் எடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்தது. சினிமாவுக்குப் பூட்டுப் போடட்டும், முதல் போட்டவர்கள் கேட்கிறார்கள், புரிகிறது. செய்திக்கு எதற்குப் பூட்டு? ஒரு நேர்காணலில் ஒருவர் என்ன சொன்னார் என்று பத்து வருஷம் கழித்துக் காட்ட வேண்டுமானால் காட்ட எதுவும் இருக்காது. அவர்கள் நீக்கிவிட்டால் நீக்கியதுதான். கம்ப்யூட்டரில் டிவி என்றால் எனக்கு அலையைக் கம்ப்யூட்டரே பிடிப்பது, பிடித்ததை வைத்துக்கொள்வது. பிரவுசரில் பார்ப்பது பார்ப்பதோடு சரி.

16 மார்ச்

இதற்கு வந்த பதில்களைப் படித்தேன். பதிவது திருட்டு என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் வந்த ஒளிபரப்பை வீட்டில் வைத்துப் பார்ப்பதைச் சொல்கிறேன், விற்பதை அல்ல. விசிஆர் காலத்திலிருந்து எல்லார் வீட்டிலும் நடந்தது இதுதான்.

23 மார்ச்

சரி, இன்றைக்குப் புதிதாக அலையைப் பிடிக்க விரும்புகிறவர் என்ன செய்வது? தனிச் செய்தியில் நிறையப் பேர் கேட்டதால் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கியது, மாதச் சந்தா கிடையாது. ஜிசாட் 15, கிழக்கே 93.5 டிகிரி. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் குடை கிழக்குப் பக்கமாக நன்றாக மேலே பார்க்கும், அதனால் பக்கத்து மாடிக் கட்டடம் மறைக்கிற தொல்லை குறைவு. இரண்டடிக் குடை, அதன் முன்னால் அலையை வாங்க நிற்கும் கேயு பேண்டு யுனிவர்சல் எல்என்பி, அங்கிருந்து ஒயர். கம்ப்யூட்டர் பக்கம் டிவிபி எஸ்2 யுஎஸ்பி பெட்டியோ பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டோ வேண்டும். வாங்கும் முன் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள், விற்பவர் தளத்திலிருந்து தனியாக டிரைவர் போட வேண்டிய சாமான் என்றால் ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் அல்லாட வேண்டும். எல்என்பி அளவு 9750, 10600 என்று கொடுங்கள். 11090 செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று ஒன்றைப் போட்டு லாக் ஆகிறதா பார்த்துவிட்டு, அதிலிருந்து தேடச் சொல்லலாம். மென்பொருளுக்கு டிவிஹெட்எண்ட். நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து அதுவே பதியும், வீட்டில் எந்த கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம்.

இதன் அருமை என்னவென்றால், வானத்திலிருந்து வரும் எம்பெக் ஓட்டத்தை அப்படியே கோப்பில் எழுதிவிடும். மறுபடி சுருக்குவது, தரம் குறைவது என்ற பேச்சே இல்லை, ஒளிபரப்பியது எதுவோ அதுவே நம் டிஸ்க்கில். எம்பெக் 2 சேனல் 3 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரம் 1.3 ஜிபி போல வரும். அனலாக் கார்டில் 720க்கு 576 அளவில் சுருக்காமல் பதிந்தால் விநாடிக்கே 20 எம்பிக்கு மேல் போகும், அன்றைய டிஸ்க்குகள் மூச்சு வாங்கும், ஃபிரேம் விழும். அந்தக் கஷ்டமெல்லாம் இதில் இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். தனியார் தமிழ்ச் சேனல்களைத் தேடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு வராதீர்கள், பெரும்பாலும் இந்தி. நம்மூர் ஆளுக்கு அதில் முக்கியமானது டிடி தமிழ், 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததே அதுதான். அதோடு டிடி ஸ்போர்ட்ஸ். இந்தியா ஆடும் முக்கிய ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. அப்படிப் பகிர்ந்ததை கேபிள்காரர் காட்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னபின், அதைப் பார்க்க ஃப்ரீ டிஷ்தான் வழி. பழைய தமிழ் நிகழ்ச்சிகளை டிடி தமிழ் நேரம் கெட்ட நேரத்தில் மறுஒளிபரப்புவதுண்டு. கம்ப்யூட்டரைப் பதியச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன், காலையில் கச்சேரி இருக்கும்.

30 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். "அப்பா" என்ற ஃபோல்டரில் ஏவிஐ கோப்புகள் நிறைய இருக்கின்றன, பாதி திறக்கவே இல்லை, வைரஸ் என்று நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்.

வைரஸாக இருக்காது. பவர்கட்டாக இருக்கும். அந்த வருஷங்களில் நம் ஊர்ப்பக்கம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கரண்ட் போனது என்று மறந்திருக்காது. ஏவிஐ கோப்பில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பதிவு முடியும்போதுதான் கடைசியில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் படமும் சத்தமும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், அட்டவணை மட்டும் இருக்காது, பிளேயர் இதைக் கோப்பாகவே ஏற்காது. விஎல்சியில் திறந்தால் அட்டவணையைச் சரி செய்யட்டுமா என்று கேட்கும், ஆம் சொல்லிப் பாருங்கள். அதில் ஓடினால், கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் காப்பி முறையில் எம்கேவி ஆக்கிவிடுங்கள். காப்பி முறை என்றால் மறுபடி சுருக்காது. என் தங்கத்தேரையும் இப்படித்தான் மீட்டேன், தேர் கோயிலுக்குத் திரும்பும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

சத்தம் முதலில் சரியாக இருந்து போகப் போகப் பின்தங்கினால் அதுவும் கோப்பின் கேடு கிடையாது. படத்தை எண்ணியது டியூனர் கார்டு, சத்தத்தை எண்ணியது சவுண்ட் கார்டு, இரண்டின் கடிகாரமும் மயிரிழை வித்தியாசத்தில் ஓடும். ஒரு மணி நேரத்தில் அது உதட்டில் தெரிகிற அளவு சேர்ந்துவிடும். சத்தத்தின் மொத்த நீளத்தைப் படத்தின் நீளத்துக்கு இழுத்துக்கொடுத்தால் சரியாகிவிடும்.

31 மார்ச்

பாதி ராத்திரியில் ஞாபகம் வந்தது, முந்தைய குறிப்பைவிட இது அவசரம். தம்பி, அந்த டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்த டிஸ்க், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது, ஓடுகிற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் ஓர் இமேஜாக வேறு டிஸ்க்கில் எடுங்கள். படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் திரும்ப வரும். பழைய ஐடிஇ டிஸ்க் என்றால் அகலப் பட்டை ஒயர் இருக்கும், அதற்கு யுஎஸ்பி அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது, 12 வோல்ட் தனி மின்சாரத்தோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், மேற்கொண்டு எதையும் முயல வேண்டாம்.

6 ஏப்ரல்

இமேஜ் எடுத்து முடித்துவிட்டாராம், சில இடங்களில்தான் பிழை. கோப்புகளின் தேதிப் பட்டியலை அனுப்பியிருந்தார். ஜூலை 26லிருந்து ஆகஸ்ட் 5 வரை என்று சில வருஷங்களுக்குத் தொடர்ச்சியாக இருக்கிறது. கொடியேற்றம் தொடங்கி திருவிழா முடியும்வரை அவருடைய அப்பா உட்கார்ந்து பதிந்திருக்கிறார். என்னிடம் இல்லாத வருஷங்களும் அதில் இருக்கின்றன.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள் யாரிடமாவது உள்ளூர் சேனல் பதிவு இருந்தால், விசிடி, டிவிடி, கேசட் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். எழுதக்கூடிய சிடிக்கள் நம் ஊர் உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் வெகுநாள் தாங்குவதில்லை, மேல் பூச்சு உரியத் தொடங்கினால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது, அவற்றை முதலில் எடுக்க வேண்டும். கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் விசிஆரில் போடாதீர்கள், ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். என்னிடம் ஓடுகிற விசிஆர் ஒன்றும், எஸ்ஏஏ7134 கார்டு போட்ட லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றும் இருக்கிறது. தம்பி அவருடைய கார்டை எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார், ஒயரோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன், கொண்டுவந்தால் ஏற்றித் தருகிறேன்.